பலகை இல்லாத சாப்பாட்டுக் கடை

1991ஆம் ஆண்டு மே மாதம், தென் லண்டன் கவுன்சில் ஒன்றின் உணவு லைசன்ஸ் பகுதியில் உதவித் தலைவர் பதவி வெற்றிடமாயிற்று. அதுவரை அதில் இருந்தவர் ஓய்வுபெற்றுப் பிரான்ஸ் நாட்டுக் கிராமம் ஒன்றில் குடியேறிவிட்டார். அந்தப் பகுதியில் ஓய்வுபெறுகிற எல்லோரும் அங்கேதான் போவார்கள். ஓய்வுபெற இன்னும் காலம் இருப்பவர்கள் ஓகஸ்ட் மாதத்தில் மட்டும் போய்ப் பழகிக்கொள்வார்கள்.

மோர்டனில் வசிக்கும் திருவாளர் ஸ்ரீஸ்கந்தராஜா மேற்படி பகுதியில் பதினொரு வருடங்களாகக் கடமையாற்றிவந்தார். சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கடிதம் எழுதுவது அவருடைய கடமை. கைகழுவும் தொட்டிக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் இடையில் இருக்க வேண்டிய தூரம் இல்லை, வாசலில் பெயர்ப்பலகை இல்லை, சமைப்பவர் தலையில் தொப்பி இல்லை, ஆகவே இருபத்தெட்டு நாட்களுக்குள் தாங்கள் தகுந்த நடவடிக்கை எடுக்கத் தவறும் பட்சத்தில், என்று கடிதம் போகும். முக்கால்வாசிக் கடைக்காரர்கள் எடுத்த தகுந்த நடவடிக்கை, கடையைப் பூட்டிவிட்டு மினிகாப் என்ற வாடகைக் கார் ஓட்டப் போனதுதான். அவர்களில் சிலர் மழையில் இவரைக் கண்டாலும் ஏற்றாமல் போவார்கள். கடமை வீரர் அதையெல்லாம் பொருட்படுத்துவதில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் அவரால் பொருட்படுத்தாமல் இருக்க முடியவில்லை. பதவி உயர்வுக்கு அவர் மூன்று தடவை விண்ணப்பித்திருந்தார். மூன்று தடவையும் 'மிகச் சிறந்த விண்ணப்பம், எனினும் இம்முறை அல்ல' என்ற ஒரே பதில், தேதி மட்டும் மாறி வந்தது. அவரிடம் கடிதம் எழுதப் பழகிய இரண்டு பேர் இப்போது அவருடைய கடிதங்களைத் திருத்துகிறார்கள். வயது நாற்பத்தொன்பது. இந்த முறையும் தவறினால் ஓய்வுபெறும்வரை அதே கதிரை, அதே யன்னல், அதே தொட்டிகளின் தூரம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்தால் அந்த நினைப்பு நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிடும். தேத்தண்ணீர்கூட இறங்காது.

ஆகவே நான்காம் முறை அவர் விஷயத்தை விஞ்ஞான ரீதியாக அணுகினார். பதினொரு வருடத்தில் உயர்வு பெற்ற ஒன்பது பேரையும் ஒரு தாளில் எழுதி, எதிரே அவர்களுடைய தகைமைகளை எழுதினார். பட்டம்? நாலு பேருக்கு இல்லை. அனுபவம்? ஐந்து பேருக்கு இல்லை. அறிவு? இந்த வரிசையை அவர் கண்ணியம் கருதி நிரப்பவில்லை. ஒன்பது பேருக்கும் பொதுவாக இருந்த தகைமை ஒன்றே ஒன்று. ஒன்பது பேரும் பிரான்ஸ் நாட்டின் கிராமப்புறத்தில், வேறு யாருக்கும் தெரியாத ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

இது நகைச்சுவை அல்ல. அந்தப் பகுதியில் செப்டெம்பர் முதல் திங்கட்கிழமை தேநீர் வேளை என்பது ஒரு சடங்கு. தலைவர் மிஸ்டர் பிரென்டிஸ் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி, "இந்த வருடம் ஏதாவது அகப்பட்டதா?" என்று கேட்பார். ஒவ்வொருவராகச் சொல்வார்கள். கடைக்குப் பெயர்ப்பலகை இருக்கக் கூடாது. எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் அது வந்திருக்கக் கூடாது. உணவு ஒன்றே ஒன்றுதான், அதைத்தான் தின்ன வேண்டும். உரிமையாளர் முகம் கொடுத்துப் பேசக் கூடாது. இங்கே எந்தக் குற்றங்களுக்காகக் கடைகளை மூடினார்களோ, அந்தக் குற்றங்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தால் அதுதான் உத்தமமான கடை.

ஸ்ரீஸ்கந்தராஜாவும் ஒன்பது தடவை பிரான்ஸ் போனவர்தான். நம்மவர்கள் போகிற மாதிரித்தான் போனார். காரில் ஏறினால் நேரே பாரிசில் மச்சானுடைய ஐந்தாம் மாடி வீடு, அங்கே மூன்று நாள் சாப்பாடு, பிறகு முருங்கைக்காயும் கருவாடும் ஏற்றிக்கொண்டு திரும்பிவருதல். "நல்ல சாப்பாடு எங்கேயாவது கிடைத்ததா?" என்று பிரென்டிஸ் ஒருமுறை கேட்டபோது, "மச்சான் வீட்டில்" என்று உண்மையைச் சொன்னார். "எவ்வளவு நல்லது" என்றார் பிரென்டிஸ். அந்த ஊர் வழக்கில் அதற்குப் பொருள், பேச்சு முடிந்தது என்பதாகும்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, மனைவி செல்வமலரிடம் முடிவை அறிவித்தார். செல்வமலர் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குப் பகல் உணவு சமைப்பவள். எதையும் இரண்டு தடவை யோசிக்க அவளுக்கு நேரம் இருப்பதில்லை.

"இஞ்சாருங்கோ, ஒரு சாப்பாட்டுக் கடை பாக்கிறதுக்குக் கடல் தாண்டிப் போகோணுமே? உதில டூட்டிங்கில நல்ல கடை ஒண்டும் இல்லையோ?"

"இருந்த நல்ல கடை எல்லாத்தையும் நான்தானே பூட்டுவிச்சனான்."

"அது சரி," என்றாள் செல்வமலர். "அப்ப எத்தினை நாளைக்கு?"

"நாலு நாள். ஒண்டு சொல்லிப்போட்டன், சாப்பாடு ஒண்டும் கட்டக் கூடாது. அங்க போய் எங்கட சாப்பாட்டைத் திண்டால் கண்டுபிடிக்க ஏலாது."

"ஓம்," என்றாள் அவள். சொல்லிவிட்டு வறுத்த அரிசிமாவை ஒரு பையிலும் தேங்காய்த் துருவலை இன்னொரு பையிலும் போட்டு, புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியையும் சிறிய காஸ் அடுப்பையும் சம்பல் போத்தலையும் காரின் பின்பக்கம் ஸ்பெயார் டயருக்கு அடியில் வைத்தாள். கணவருடைய கொள்கைகளில் அவள் தலையிடுவதில்லை.

ஓகஸ்ட் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடிய டோவரில் கப்பல் ஏறினார்கள். அன்று மத்தியானமே அவர் தேடிய கடை கிடைத்துவிட்டது. தெருவில் சனமே இல்லாத ஒரு கிராமத்தில் கற்சுவர் வீடு. கதவு பாதி திறந்திருந்தது. பலகை இல்லை, ஒரு பெயர் வெட்டிய சின்னப் பித்தளைத் தகடு மட்டும். உள்ளே சுவரோரம் மரக் கதிரைகளில் ஆறு பேர் வாய் திறக்காமல் இருந்தார்கள். ஆறு பேரும் உள்ளூர்ச் சனம். ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு மேல் புல்லரித்தது. கதிரையில் அமர்ந்து குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

பக்கத்தில் இருந்த கிழவரின் கூடைக்குள் ஒரு முயல் இருந்தது. எதிரே ஒரு பெண்மணியின் மடியில் கோழி.

"பாத்தீரோ?" என்றார் மனைவியின் காதில். "சாமான் அவையளே கொண்டு வருகினம். அவ்வளவு பிரெஷ்."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. நான் மச்சம் தொடமாட்டன்."

"சைவமும் இருக்கும். பேசாமல் இரும்."

ஒரு மணித்தியாலம் போயிற்று. நல்ல கடை என்றால் காத்திருக்க வைக்கும் என்பது பிரென்டிஸ் வாக்கு. 'சேவை: மிகத் தாமதம். மிக நன்று' என்று எழுதினார். உள்கதவு திறந்து, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் முயலை வாங்கிக்கொண்டு போனாள். சமையல்காரி என்றால் இவளல்லவோ சமையல்காரி, தலையில் தொப்பிகூட இருந்தது. கால் மணி கழித்து முயல் வெளியே வந்தது. காலில் ஒரு வெள்ளைக் கட்டு. மற்றப்படி சுகம்.

"இஞ்சாருங்கோ, முயல் உயிரோட போகுது."

வெள்ளைக் கோட்டுக்காரி இவர்களிடம் வந்து கதிரைக்குக் கீழே குனிந்து பார்த்தாள். செல்வமலரின் கைப்பையையும் பார்த்தாள். பிறகு பிரெஞ்சில் நீளமாக ஏதோ கேட்டாள். ஸ்ரீஸ்கந்தராஜா சொற்றொடர்ப் புத்தகத்தைப் பிரித்து, இன்றைய விசேஷம் என்ன என்று பணிவாக விசாரித்தார். அவள் நிமிர்ந்து வாசலைக் காட்டினாள். 'உரிமையாளரின் கடுமை: அதி உத்தமம்' என்று எழுதிக்கொண்டே அவர் வெளியே வந்தார். அது மிருக வைத்தியர் வீடு என்று செல்வமலர் காருக்குள் வைத்து மெதுவாகச் சொன்னாள். அவர் வரியை வெட்டினார்.

சனிக்கிழமை காட்சி. கடை மட்டும் போதாது, பழைய தேவாலயம் மாதிரி பார்க்க ஒரு காட்சியும் வேண்டும் என்பது தேநீர் வேளை விதி. அதுவும் பூட்டியிருக்க வேண்டும், திறப்பைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்க வேண்டும். தேடிப்போன கிராமத்தில் பூட்டிய பழைய கட்டடம் ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி தம்பியிடம் அனுப்பினாள், தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தார், சாப்பாடு மூன்று மணித்தியாலம் நடந்தது. கடைசியில் ஓரடி நீளத் திறப்பு கைக்கு வந்தது. திறந்தால் உள்ளே அந்த ஊர்த் தீயணைப்பு வண்டியும், கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடும் நாற்பது கதிரையும். ஸ்ரீஸ்கந்தராஜா பன்னிரண்டு படம் எடுத்தார். எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இல்லாத காட்சி என்பதில் பொய் ஒன்றும் இல்லை.

சாப்பாட்டு விஷயம் அவ்வளவு தூரமும் போகவில்லை. சைவம் என்று எழுதிக் காட்டிய இடத்தில் பன்றி இறைச்சி போட்ட முட்டைப் பொரியல் வந்தது. இறைச்சியை மிகச் சின்னதாக வெட்டியிருப்பதால் அது கணக்கில் வராது என்று பரிசாரகர் விரலால் விளக்கினார். செல்வமலர் வெள்ளியும் சனியும் பாணும் வெண்ணெயும் தின்றாள். ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடையும் உள்ளூர்க் குடும்பங்களால் நிறைந்திருந்தது. திங்கட்கிழமை எல்லாக் கடையும் பூட்டியிருந்தது. மறுநாள் விடியக் கப்பல். குறிப்புப் புத்தகத்தில் வெட்டின வரிகளைத் தவிர ஒன்றும் இல்லை.

திங்கள் மத்தியானம், ஒரு வாய்க்கால் கரையில், வால்நட் மரத்தின் கீழ், வழிப்போக்கர் இருக்கப் போட்டுவைத்த மூன்று மர மேசைகளின் பக்கத்தில் கார் நின்றது. ஸ்ரீஸ்கந்தராஜா பிளாஸ்க் தேநீரைக் காற்சட்டையில் கொட்டிக்கொண்டார். மற்றக் காற்சட்டையில் ஏற்கெனவே முட்டைப் பொரியல் கறை. வேறு வழியின்றி வீட்டில் உடுக்கும் சாரத்தை இடுப்பில் கட்டி, பெனியனோடு, தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு மரத்தடியில் வந்து குந்தினார். நாலாவது தடவையும் 'இம்முறை அல்ல' என்ற கடிதம் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. உண்மையில் அழுகை வந்தது. பசியால் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

செல்வமலர் ஸ்பெயார் டயரைத் தூக்கினாள்.

சந்தையில் வாங்கிய கத்தரிக்காயில் ஒரு பால்கறி வைத்தாள். மாவைக் குழைத்து நீத்துப்பெட்டியில் போட்டாள். ஆவி கிளம்பி வாய்க்கால் வழியே போயிற்று. நாலு நாள் அரைப்பட்டினி கிடந்தவருக்கு அந்த வாசம் கொள்கை, பதவி எல்லாவற்றையும் மறக்கடித்தது. முதல் பிடி வாய்க்குப் போகவில்லை, ஒரு கார் வந்து நின்றது. ஆங்கிலேய இலக்கத்தகடு. பெரிய தொப்பி போட்ட ஒரு சீமாட்டியும் அவளுடைய கணவரும் இறங்கி, மரத்தைப் பார்த்து, ஆவியைப் பார்த்து, பக்கத்து மேசையில் வந்து அமர்ந்தார்கள். அமர்ந்து கைக்குட்டையை மடியில் விரித்தார்கள்.

"செல்வம், இங்கிலிஷ்காரர். நான் சாரத்தோட இருக்கிறன். இங்கிலிஷ் தெரியுமெண்டு காட்டிப்போடாதையும், மானம் போயிடும்."

"அது கிடக்கட்டும். நாங்கள் தின்ன அவை பாத்துக்கொண்டிருக்கிறதே?"

"எழும்பிப் போவினம்."

"வந்து இருந்த ஆக்களுக்குக் குடுக்காமல் நான் வாயில வைக்கமாட்டன்."

"இது எங்கட வீடில்லை, வாய்க்கால் கரை!"

"அடுப்பு என்ரையெல்லோ?"

இரண்டு சாப்பாட்டுக் கோப்பை நிறையப் புட்டும் கறியும் சம்பலும் அவர் கையில் ஏறின. பசித்த மனிதனிடம் சாப்பாட்டைக் கொடுத்து இன்னொருவனுக்குப் பரிமாறச் சொன்னால் முகம் எப்படி இருக்குமோ அப்படி முகத்தை வைத்துக்கொண்டு, கோப்பைகளை டக்கென்று மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அற்புதம்," என்று சீமாட்டி ஆங்கிலத்தில் கிசுகிசுத்தாள். "மனுஷன் எவ்வளவு முரடன் பார்த்தாயா? மெனுகூட இல்லை. பலகையும் இல்லை."

பிறகு பிரெஞ்சில் அவரிடம் ஏதோ கேட்டாள். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்து, "இவ என்னவோ கேக்கிறா" என்றார்.

"இந்த மலைப்பக்கத்துப் பழைய பேச்சு," என்று சீமாட்டியின் கணவர் விளக்கினார். "இப்போது பேசுகிறவர்கள் மிகவும் குறைவு."

ஆள் இருக்கிற இடத்தில்தான் ஆள் வந்து இருக்கும். கரவன் வண்டியில் போன ஒல்லாந்துக் குடும்பம் ஒன்று நின்றது. இரண்டு சைக்கிள்காரர் இறங்கினார்கள். செல்வமலர் அவித்தாள், அவர் கோப்பைகளைக் காவினார். ஒன்றே காலுக்கு மோப்பெட்டில் ஊர்க் காவலர் வந்து சேர்ந்தார். மூன்று மேசையையும் காஸ் அடுப்பையும் சாரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சட்டைப் பையில் படிவப் புத்தகம் தெரிந்தது. காவலர் மணிக்கூட்டைப் பார்த்தார். பகல் இடைவேளை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மேசையில் அமர்ந்தார். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார், சம்பல் தனியாகவும் கேட்டார். சரியாக இரண்டு மணி அடித்ததும் வாயைத் துடைத்து, தொப்பியைப் போட்டு, எழுந்து நின்று, குற்றப் பத்திரத்தை எழுதத் தொடங்கினார்.

ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் ஒரு படிவத்தை வாசிக்க அவருக்கு மொழி தேவையில்லை. காவலரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பலகை இல்லை, சரி. விலைப்பட்டியல் இல்லை, சரி. தொப்பி இல்லை, நியாயம். ஒரு பெட்டியைக் காவலர் நிரப்பாமல் விட்டுவிட்டார், அது கட்டாயம் தொட்டிகளின் தூரமாகத்தான் இருக்க வேண்டும். தொழில் தர்மம் கேட்கவில்லை. விரலால் தொட்டுக் காட்டினார். காவலர் நன்றி சொல்லி அதையும் நிரப்பினார்.

அப்போது சீமாட்டி எழுந்தாள். பிரெஞ்சில் தொடங்கினாள், கோபம் வந்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாள்.

"உங்களைப் போன்ற ஆட்கள்தான் உலகத்தில் உள்ள சின்னக் கடைகளை எல்லாம் கொல்கிறார்கள்! இந்த ஏழை மனுஷன் உங்களுக்கு என்ன செய்தான்? ஒரு பலகை இல்லாவிட்டால் என்ன? நல்ல சாப்பாட்டுக்கு எதற்குப் படிவம்? வெட்கமாக இல்லையா?"

ஏழை மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். காவலர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சொல்ல நாக்குத் துடித்தது, அடக்கிக்கொண்டார்.

காவலர் பாதிக் காதால் கேட்டுக்கொண்டு எழுதினார். கடைசி வரியில் பேனா நின்றுவிட்டது. முகவரி. அவர் மரத்தைப் பார்த்தார், அது ஊருக்குச் சொந்தம். வாய்க்கால் அரசாங்கத்துக்கு. மேசை உல்லாசப் பயணச் சபைக்கு. கதவு இலக்கம் எதற்கும் இல்லை. நீண்ட நேரம் யோசித்தார். முகவரி இல்லாவிட்டால் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் குற்றம் இல்லை. குற்றம் இல்லாவிட்டால் அவர் இன்று இங்கே வரவே இல்லை, ஆகவே இன்னும் சாப்பிடவும் இல்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுக் கோப்பையை நீட்டினார்.

செப்டெம்பர் மூன்றாம் வாரம் நேர்முகத் தேர்வு. ஸ்ரீஸ்கந்தராஜா முதல் நாள் இரவு தன் ஒரே சொத்தான தீயணைப்பு வண்டிப் படங்களை அடுக்கிப் பார்த்து, அதை ஒரு பழைய தேவாலயம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தார். காலையில் அறைக்குள் போனார். ஒரு பக்கம் மிஸ்டர் பிரென்டிஸ். நடுவில், இன்னொரு கவுன்சிலின் லைசன்ஸ் பகுதிக்குத் தலைவியாக இருப்பவரும், இந்தத் தேர்வுக்குத் தலைமை தாங்க அழைக்கப்பட்டவருமான மிஸஸ் விட்கம். தொப்பி இல்லாவிட்டாலும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சீமாட்டி.

அவளுக்கு அவரைத் தெரியவில்லை. கோட்டும் டையும் கட்டியிருந்தார் என்பது ஒரு காரணம். பரிமாறுகிறவனின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை என்பது மற்றக் காரணம்.

தொட்டிகளின் தூரம் பற்றி இரண்டு கேள்வி கேட்டார்கள். பிறகு பிரென்டிஸ் சாய்ந்து உட்கார்ந்து, "கோடை எப்படி?" என்றார். தேர்வு தொடங்கிவிட்டது. ஸ்ரீஸ்கந்தராஜா தான் போன பிரதேசத்தின் பெயரைச் சொன்னார்.

"அங்கேயா?" என்று மிஸஸ் விட்கம் கூவினாள். "நாங்களும் அங்கேதான்! பிரென்டிஸ், நான் சொன்னேனே, வாய்க்கால் கரைக் கடை. பலகை இல்லை, மெனு இல்லை, வால்நட் மரத்தடி. முரட்டு உரிமையாளர். வெள்ளையாக, உதிர் உதிராக ஒரே ஒரு உணவு. என் வாழ்நாளில் அப்படிச் சாப்பிட்டதில்லை. நீங்கள் தப்பித்தவறி அந்த இடத்தைக் கண்டீர்களா?"

ஸ்ரீஸ்கந்தராஜா மூன்று விநாடியில் பதினொரு வருடத்தை நினைத்துப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், லைசன்ஸ் அதிகாரி ஒருவர் லைசன்ஸ் இல்லாமல் சாரத்தோடு கடை நடத்தினார் என்று அவருடைய அலுவலகக் கோவையில் ஏறும். அது போகட்டும். மிஸஸ் விட்கமின் கடை இல்லாமல் போய்விடும். மேலதிகாரியின் கண்டுபிடிப்பைப் பறித்தவனுக்கு எந்தக் கவுன்சிலில் உயர்வு கொடுத்திருக்கிறார்கள்?

"கண்டேன்," என்றார். "நானும் அங்கே சாப்பிட்டேன்."

"அந்தச் சமையல்காரி!"

"ஓர் உள்ளூர்ப் பெண்மணி," என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. "அவர்களுக்கு அது பரம்பரையாக வரும் கை."

பதவி கிடைத்தது. அன்று பின்னேரம் விஷயம் முழுவதையும், அந்த ஒரு வசனத்தையும் சேர்த்து, செல்வமலரிடம் சொல்லிவிட்டார். பதினெட்டு வருடத்தில் அவளிடம் ஒன்றையும் மறைத்துப் பழக்கம் இல்லை. அவள் பள்ளிக்கூட ஏப்ரனைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"உள்ளூர்ப் பொம்பிளையோ?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"ஓம்," என்றாள் அவள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

புதிய உதவித் தலைவர் மேலதிகாரிகளை வீட்டுக்கு விருந்துக்கு அழைப்பது சம்பிரதாயம். ஒக்டோபர் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை மிஸ்டர் பிரென்டிசும் விட்கம் தம்பதியும் மோர்டனுக்கு வந்தார்கள். கோழியும் சோறும் செய் என்று ஸ்ரீஸ்கந்தராஜா நாலு தடவை சொல்லியிருந்தார். செல்வமலர் நாலு தடவையும் ஓம் என்றிருந்தாள். மேசைக்கு வந்தது புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, சம்பல். இதோ முடிந்தது, எல்லாம் வெளியில் வரப் போகிறது என்று நினைத்தார். ஒரு மூலையில் அவருக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. வெளியில் வரட்டும். 'அது இவள்தான், என் மனைவி' என்று எழுந்து நின்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்தார்.

மிஸஸ் விட்கம் ஒரு கரண்டி எடுத்தாள். மென்றாள். கண்ணை மூடினாள்.

"எதையோ ஞாபகப்படுத்துகிறதே... ஆ, ரிச்சர்ட், வாய்க்கால் கரைக் கடை! அது மாதிரியே ஏதோ ஒன்று." இன்னொரு கரண்டி எடுத்தாள். செல்வமலரைப் பார்த்து அன்போடு சிரித்தாள். "மிகவும் நன்றாக இருக்கிறது, அம்மணி. நல்ல முயற்சி. ஆனால் அதை அங்கே சாப்பிட வேண்டும்."

"தண்ணீர் காரணம்," என்றார் கணவர். "அந்த மண்ணும்."

"அந்தப் பெண்ணின் கை," என்றாள் மிஸஸ் விட்கம். "இங்கே அது வராது. நீங்களும் அங்கே சாப்பிட்டவர்தானே, மிஸ்டர் ஸ்ரீ, நான் சொல்வது சரியா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். செல்வமலரும் பார்த்தாள். எழுந்து நிற்கலாம் என்று நினைத்தவர் கதிரையோடு ஒட்டிக்கொண்டார். ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மென்றார். சொல்ல வெட்கம்தான், அன்று மரத்தடியில் இருந்த ருசி இதில் இல்லை என்று அவருக்கும் பட்டது.

"சரிதான்," என்றார். "அங்கே வேறு மாதிரி."

செல்வமலர் மிஸஸ் விட்கமின் பக்கம் திரும்பி, தெளிவான ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அந்தப் பெண் எப்படிச் செய்தாள் என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். எனக்கும் சொல்லித் தந்தால் நான் பழகிக்கொள்வேன்."

மிஸஸ் விட்கமுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. மாவை முதலில் வெண்ணெயில் பிசைய வேண்டும் என்றாள். பிறகு வெள்ளை வைன் அரைக் கிளாஸ், அதில்தான் அந்த உதிர் வருகிறது. பச்சை மூலிகை ஒரு கட்டு. ஆவியில் அல்ல, கனல் அடுப்பில், நாற்பது நிமிடம். ஒவ்வொரு கட்டத்திலும் நேரில் கண்ட சாட்சி என்ற முறையில் ஸ்ரீஸ்கந்தராஜாவைப் பார்த்து, "அப்படித்தானே?" என்று கேட்டாள். அவர் ஒவ்வொரு கட்டத்திலும் அப்படித்தான் என்றார். செல்வமலர் அவருடைய குறிப்புப் புத்தகத்தை எடுத்து, அவருடைய பேனாவால், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்ததும் தாளை அவரிடம் நீட்டினாள்.

"சரியெண்டால் ஒரு கையெழுத்துப் போடுங்கோ. நீங்கள்தானே அதிகாரி."

விருந்தாளிகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார், தேதியும் போட்டார்.

அந்தத் தாள் இப்போது அவர்கள் சமையலறைச் சுவரில் இருக்கிறது. செல்வமலர் வெள்ளிக்கிழமைகளில் அதைப் பார்த்துத்தான் புட்டுச் செய்கிறாள், ஒரு வரி பிசகுவதில்லை. வெண்ணெயும் வைனும் நாற்பது நிமிடக் கனலும் சேர்ந்து வருவது ஒரு செங்கல். அவள் தனக்கு வேறாகக் கொஞ்சம் ஆவியில் அவித்துக்கொள்கிறாள். உதவித் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி, கைகழுவி, மேசையில் அமர்கிறார். அவள் கோப்பையை டக்கென்று வைத்துவிட்டுத் திரும்புகிறாள்.

"எப்பிடி, அங்கத்தையான் மாதிரி வந்திருக்கோ?"

"ஓம்," என்கிறார் அவர், மென்றுகொண்டு. "அதே மாதிரி."